நாட்டுச் சட்டைக்குச் சம்பளம் யார் தருவார்?

"தம்பி, டிவியில இந்தியாவுக்கு ஆடுதானே, அவனுக்குச் சம்பளம் யாரு குடுக்கா? கவர்மெண்டா?"

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில், பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், காலை ஆறரை மணி டீ. கேட்டவர் எங்கள் தெரு அண்ணாச்சி. முப்பது வருஷம் சங்குக்குளிக்குப் போனவர். காது மந்தமான பிறகு கரையோடு நின்றுவிட்டார். அவர் பேரனுக்குப் பதினாறு வயது. தருவை மைதானத்தில் சாயங்காலம் தவறாமல் கால்பந்து ஆடுகிறான். வெளியூர் கிளப் ஒன்றிலிருந்து யாரோ வந்து பையனைப் பார்த்துப் பேசி, ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்து கேட்டிருக்கிறார். தாள் நாலாக மடிந்து அண்ணாச்சியின் சட்டைப்பையில் இருந்தது. அதைக் காட்டுவதற்கு முன் அவருக்கு இந்தக் கேள்வி.

கவர்மெண்ட் இல்லை அண்ணாச்சி, என்றேன். கிளப்தான் கொடுக்கிறது. நாட்டு அணி என்பது வேலை இல்லை, அழைப்பு. வருஷத்தில் சில வாரங்கள் கூப்பிடுவார்கள். போனால் பயணம், தங்குமிடம், சாப்பாடு, தினப்படி உண்டு. மாதச் சம்பளம் அப்போதும் கிளப் கணக்கிலிருந்துதான் வரும்.

"அப்போ கிளப்காரன் ஏன் விடுதான்?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நம் கரையிலேயே ஆள் இருக்கிறார்.

இங்கிருந்து கடலோரமாகவே தெற்கே போய்க் குமரியைச் சுற்றி மேற்கே திரும்பினால், கேரள எல்லையை ஒட்டித் தூத்தூர் வட்டாரம். அதில் இரவிபுத்தன்துறை என்றொரு மீனவக் கிராமம். அந்த ஊர்க்காரர் மைக்கேல் சூசைராஜ், 1994-ல் பிறந்தவர். அண்ணன் மைக்கேல் ரெஜினும் தொழில்முறை ஆட்டக்காரர்தான். ஆழ்கடலுக்குப் படகோட்டும் அந்த ஊர்களில் பையன்கள் பந்தும் கையுமாகத்தான் வளர்கிறார்கள். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பைக்கான தமிழக அணியைப் பார்த்தால் அந்த வட்டாரத்துப் பெயர்கள் அடிக்கடி தட்டுப்படும்.

சென்னை சிட்டி கிளப் 2016-17 பருவத்தில் தேசிய லீக்கான ஐ-லீக்கில் நுழைந்தபோது சூசைராஜ் அந்த அணியில் இருந்தார். அடுத்த பருவம் தொடங்கிச் சில நாளில், 2017 நவம்பர் கடைசியில், ஒக்கி புயல் வந்தது. தூத்தூர் வட்டாரத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களை இன்றும் பெயர் சொல்லி அழுகிறார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த பையன் அந்த வருஷம் ஆடிய ஆட்டம் பெரிய கிளப்களின் கண்ணில் பட்டது. 2018-ல் டாடா ஸ்டீல் நடத்தும் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனார். 2019-ல் கொல்கத்தாவின் ஏடிகே அணி அவரை எடுத்துக்கொண்டது.

இங்கே அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார். "இஷ்டத்துக்குத் தாவலாமா?"

முடியாது. சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்புக் காலத்தைச் சொன்னால் அவருக்கு விளங்கும். அவருடைய அப்பா 1961-ல் நடந்த கடைசி முத்துச் சலாபத்தில் குளித்தவர். அரசு ஆள் சிப்பி விளையும் கடலடிப் பாரைப் பார்த்து, சிப்பி முதிர்ந்ததா என்று சோதித்து, நாள் குறித்தால்தான் இறங்கலாம். மற்ற நாளில் பாரில் சிப்பி குவிந்து கிடந்தாலும் தொடக்கூடாது. ஆட்டக்காரர்கள் கிளப் மாறுவதற்கும் அப்படித்தான் வருஷத்தில் இரண்டு திறப்பு. பருவம் தொடங்கும் முன் ஒன்று, நடுவில் ஒன்று. திறப்பு மூடிவிட்டால் பெரும்பாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

திறப்பு வந்தாலும் ஒப்பந்தம் பாக்கி இருந்தால் சும்மா போக முடியாது. கூப்பிடுகிற கிளப், வைத்திருக்கிற கிளப்புக்கு ஒரு தொகை கொடுத்து விடுவித்துக்கொள்ள வேண்டும். பேப்பரில் பெரிதாகப் போடுகிறார்களே, இத்தனை லட்சத்துக்கு வாங்கினார்கள் என்று, அது இந்தத் தொகை. அது ஆட்டக்காரர் வீட்டுக்குப் போகிற பணம் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு கிளப்களுக்கு நடுவே கைமாறுகிற பணம் அது. வீட்டுக்கு வருவது புது ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளம். ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம். அப்போது விடுவிப்புத் தொகை கிடையாது. லோன் என்பது வேறு. ஆளைக் கொஞ்ச காலத்துக்கு இரவல் கொடுப்பது, ஒப்பந்தம் பழைய கிளப்பிலேயே இருக்கும்.

"சரி, நாடு கூப்பிட்ட கதைக்கு வா."

2019 ஜூனில் தாய்லாந்தில் கிங்ஸ் கோப்பை நடந்தது. பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சுக்கு இந்திய அணியோடு அது முதல் போட்டி. குரசாவ் நாட்டுக்கு எதிரான ஆட்டத்தில் சூசைராஜ் முதல் தடவையாக இந்தியச் சட்டை போட்டார். இந்தியா 1-3 என்று தோற்றது. ஆனால் இரவிபுத்தன்துறையில் அன்று அந்த எண்ணிக்கையை யாரும் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

கிளப் ஏன் விடுகிறது என்றால், விட்டே ஆக வேண்டும் என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. சர்வதேச ஆட்டங்களுக்கென்று வருஷத்தில் சில வாரங்களை ஃபிஃபா முன்கூட்டியே ஒதுக்கிவைக்கிறது. அந்த நாட்களில் நாடு கூப்பிட்டால் கிளப் மறுக்க முடியாது. ஆளை அனுப்பியதற்குக் கூலியும் கேட்க முடியாது. அந்த நாட்களுக்கு வெளியே கூப்பிட்டால் கிளப் மாட்டேன் என்று சொல்லலாம். 2025 ஆகஸ்டில் நடந்தது அதுதான். மத்திய ஆசியக் கோப்பைக்காகப் பயிற்சியாளர் காலித் ஜமில் முன்னதாகவே கேம்ப் போட்டார். ஒதுக்கிய நாட்களுக்கு முன்பு ஆட்களை அனுப்ப மோகன் பகான் மறுத்துவிட்டது. பெரிய சண்டையாயிற்று. இந்தியா அந்தக் கோப்பையில் ஓமானை வென்று மூன்றாம் இடம் பிடித்தது. கிளப் ஆட்களை அனுப்ப மறுத்ததைத் துரோகம் என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளம் கொடுக்கிறவனுக்கு ஆட்டக்காரனின் முழங்காலைப் பற்றிய பயம் இருக்கும்.

அந்தப் பயம் வீணானதும் அல்ல. 2020 மார்ச் 14, கோவா. கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் ஏடிகே, சென்னையின் எஃப்சி அணியை 3-1 என்று வென்று இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பட்டம் வாங்கியது. அந்தப் பருவத்தில் இடது ஓரம் முழுவதும் சூசைராஜின் ஓட்டம். மேலே போய்ப் பந்தைக் கொடுப்பார், திரும்பி வந்து தடுப்பார். ஓர் ஆட்டக்காரனின் வாழ்க்கையில் எல்லாம் கூடிவருகிற வருஷம் என்று ஒன்று உண்டு, அவருக்கு அது அந்த வருஷம். பிறகு ஏடிகேயும் மோகன் பகானும் ஒரே அணியாயின. 2020 நவம்பர் 20, புதுப் பருவத்தின் முதல் ஆட்டம், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக. ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, சூசைராஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவரை வெளியே கொண்டுபோனார்கள். அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. அப்போது அவருக்கு 26 வயது.

அண்ணாச்சி டீயைக் கீழே வைத்தார். தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

முழங்காலுக்குள் குறுக்காக ஓடுகிற ஒரு தசைநார் அறுந்தால், தொடையிலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ நாரெடுத்து அந்த இடத்தில் வைப்பார்கள். மறுபடி ஓட ஒன்பது மாதம் என்பது சாதாரணக் கணக்கு. கால் சேர்ந்துவிடும். அதே வேகம், திரும்பும்போது பயமில்லாத அதே மனசு, அணியில் அதே இடம், மூன்றும் சேர்ந்து திரும்பி வருவது சிலருக்குத்தான். சூசைராஜ் திரும்ப மைதானத்துக்கு வந்தார். அந்தத் துணிச்சலை நான் 2020 பட்டத்தைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

அடிபட்டது கிளப் ஆட்டத்தில் என்பதால் பாரம் கிளப்புடையது. நாட்டுக்காக ஆடும்போது பட்டிருந்தால் என்ன ஆகும்? முன்பெல்லாம் அதுவும் கிளப் தலையில்தான் விழுந்தது. 2012-லிருந்து ஃபிஃபா ஒரு காப்பு வைத்திருக்கிறது. நாட்டு அணியில் அடிபட்டு 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால், அந்த ஆட்டக்காரரின் சம்பளத்தைக் குறிப்பிட்ட எல்லைவரை கிளப்புக்குத் திருப்பித் தரும்.

"கிளப்பே படுத்துட்டா?"

படுக்கும். சென்னை சிட்டி 2019-ல் ஐ-லீக் பட்டமே வாங்கியது. இரண்டு வருஷத்தில் அந்த லீகிலிருந்தே காணாமல் போனது. 2025 ஜூலையில், அப்போது ஐஎஸ்எல் போட்டியை நடத்திவந்தவர்கள் அதையே நிறுத்திவைத்தார்கள். ஒளிபரப்பு, வணிக உரிமை பற்றிய ஒப்பந்தம் முடிவாகவில்லை என்பது காரணம். சில கிளப்களில் சம்பளம் நின்றது. அதற்காகத்தான் ஃபிஃபா விதியில் ஒன்று இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்றால், எழுத்தில் பதினைந்து நாள் கெடு கொடுத்து, அப்போதும் வராவிட்டால், ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். ஆனால் ஒப்பந்தம் என்று ஒன்று எழுத்தில் இருந்தால்தான் இதெல்லாம்.

இப்போது தாளைக் கொடுங்கள் என்றேன். அவர் உடனே கொடுக்கவில்லை. "வந்தவரு ஏஜென்டுன்னு சொல்லுதாரு. நம்பலாமா?"

முத்துக்குளிக்கிறவர் இடுப்புக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார் என்று நம்மூரில் சொல்வார்களே. தங்கை தாலிக்காக அவன் கயிற்றை விடமாட்டான் என்பது காரணம். ஏஜென்ட் பிடிப்பதும் அதே கயிறு. ஆட்டக்காரர் உள்ளே மூச்சடக்கிக்கொண்டிருக்கும்போது வெளியே கணக்குப் பார்க்கிற ஆள். 2023-லிருந்து ஏஜென்டுகளுக்குப் பரீட்சை வைத்து ஃபிஃபா உரிமம் தருகிறது; உரிமம் பெற்றவர் பெயரை அதன் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். பதினெட்டு நிரம்பாத பையனிடம், பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காமல், ஏஜென்ட் பேச்சே எடுக்கக்கூடாது. பதினெட்டுக்குக் கீழே மூன்று வருஷத்துக்கு மேல் ஒப்பந்தம் எழுதவும் கூடாது. பெரியவர்களுக்கு ஐந்து வருஷம்.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். இந்தக் கரையில் பந்து நடத்துகிற எல்லோரும் கேட்க வேண்டியது இது. ஒரு பையன் 12 வயது முதல் 23 வயது வரை எந்தெந்தக் கிளப்பில் ஆடினானோ, அவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு. அவன் பின்னாளில் வெளிநாட்டுக் கிளப்புக்கு விடுவிப்புத் தொகையோடு போனால், அந்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்து, வளர்த்தவர்களுக்குப் பிரிகிறது. தொகை ஒரு கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து லட்சம் ஒதுங்கும். 12 முதல் 15 வரை ஒவ்வொரு வயதுக்கும் 25,000 ரூபாய், 16 முதல் 23 வரை ஒவ்வொரு வயதுக்கும் 50,000. அந்த முதல் நாலு வருஷம் பையன் ஒரு கிராமத்துக் கிளப்பில் ஆடியிருந்தால் ஒரு லட்சம் அந்தக் கிளப்புடையது. உள்நாட்டிலும் பையன் முதல் தொழில்முறை ஒப்பந்தம் எழுதும்போது வளர்த்த கிளப் பயிற்சி ஈட்டுத்தொகை கேட்க வழி இருக்கிறது.

நிபந்தனை இரண்டு. கிளப் சங்கத்தில் சேர்ந்திருக்க வேண்டும். பையன் பெயர் அந்தந்த வருஷம் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பதிவில் ஏறியிருக்க வேண்டும். கோயில் திருவிழாப் போட்டியில் நூறு கோப்பை வாங்கியிருந்தாலும் பதிவில் பெயர் இல்லையென்றால் வளர்த்தவர் என்று சொல்ல ஆதாரம் இல்லை. மணப்பாடோ இரவிபுத்தன்துறையோ தருவை மைதானமோ, மணலில் பந்தை உருட்டக் கற்றுக்கொடுத்த மனுஷன் சாகும்வரை கைக்காசு போட்டே சாகிறார். எனக்கு இதில் ஆற்றாமை அதிகம்.

அண்ணாச்சி கடைசியில் தாளை எடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். பையன் பெயர் இருந்தது, அப்பா பெயர் இருந்தது, ஆதார் எண் இருந்தது. எத்தனை வருஷம் என்று எழுதும் இடம் காலி. சம்பளம் எழுதும் இடமும் காலி. அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

"இன்னைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். இந்த மூணும் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்க. ஏஜென்ட் பேரை ஃபிஃபா பட்டியல்ல நான் பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது கடற்கரை ஊரில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுத்தால், அடுத்த கோப்பைக்குச் செலவு செய்யும் முன் மாவட்டக் கால்பந்துச் சங்கத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். உங்கள் கிளப்பையும், பன்னிரண்டு வயது நிரம்பிய எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் பதிவு செய்யுங்கள்.