நகரைப் பேணிய கருவூல எழுத்தர்

கோலாலம்பூர், துன் எச். எஸ். லீ சாலையில் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் அமைந்துள்ளது. தைப்பூசத்தையொட்டி வெள்ளி இரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இங்கிருந்துதான். விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியின் முதல் கட்டடமும் இதே சாலையில்தான் எழுந்தது. இந்த ஆலயம், பத்துமலை முருகன் கோயில், அப்பள்ளி ஆகிய மூன்றின் வரலாற்றிலும் இடம்பெறும் பெயர் கே. தம்புசாமி பிள்ளை.

இவர் 1850ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்தார். ராபிள்ஸ் கல்வி நிலையத்தில் பயின்றார். பின்னர், ஜேம்ஸ் குத்ரி டேவிட்சன் எனும் வழக்கறிஞரிடம் எழுத்தராகப் பணிபுரிந்தார். 1875இல் டேவிட்சன் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்றபோது தம்புசாமியும் சிலாங்கூருக்கு வந்தார். அப்போது மாநில நிர்வாகம் கிள்ளானில் இயங்கியது. 1880இல்தான் அது கோலாலம்பூருக்கு மாறியது.

தம்புசாமி அரசாங்கக் கருவூலத்தில் பணியாற்றினார். ஈயத்தின் மீதான தீர்வை உள்ளிட்ட வருவாயைப் பெற்றுக் கணக்கில் வைப்பதும், சம்பளத்திற்கும் சாலைப் பணிகளுக்கும் பணம் வழங்குவதும் கருவூலத்தின் வேலை. வங்கிகள் காலூன்றாத அக்காலத்தில், பொதுப் பணம் எழுத்தர்களின் நேர்மையை நம்பியே இருந்தது. அங்கு அவர் தலைமை எழுத்தராக உயர்ந்தார். சில வேளைகளில் மாநிலப் பொருளாளரின் பொறுப்பையும் தற்காலிகமாக ஏற்றார்.

அன்றைய கோலாலம்பூர் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன வீடுகள் நெருங்கி நின்ற ஈயச் சுரங்க ஊராகும். 1881ஆம் ஆண்டு தொடக்கத்தில் தீ அதனை அழித்தது. அதே ஆண்டு வெள்ளமும் சூழ்ந்தது. அதன்பின் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. செங்கல் சூளைகள் இருந்த பகுதியே இன்றைய பிரிக்பீல்ட்ஸ். எனினும், செங்கல் மட்டுமே ஊரை நகரமாக்கிவிடாது. குப்பையை அகற்றவும் கால்வாய்களைத் தூய்மைப்படுத்தவும் ஓர் அமைப்புத் தேவைப்பட்டது. அதற்காக 1890இல் சுகாதார வாரியம் அமைக்கப்பட்டது. இதுவே இன்றைய கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் முன்னோடி. அவ்வாரியத்தில் தம்புசாமியும் உறுப்பினராக இருந்தார். உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை; அரசாங்கமே நியமித்தது. ஆகவே, மக்களின் குறைகளை அதிகாரிகளிடம் எடுத்துரைக்கும் பொறுப்பு அவர்களைச் சார்ந்தது.

அரசுப் பணியை விட்டபின் தம்புசாமி ஈயச் சுரங்கத் தொழிலில் ஈடுபட்டார். 1894இல் அவரும் லோக் யூவும் ரவாங்கிலுள்ள தங்கள் சுரங்கத்திற்காக மின்னாக்கி இயந்திரத்தை நிறுவினர். நம் நாட்டில் மின்சாரப் பயன்பாட்டின் தொடக்கமாக அது கருதப்படுகிறது.

ஈட்டிய செல்வத்தை அவர் தமக்கென மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. மாரியம்மன் ஆலயத்தை நிறுவியவர் அவரே. 1885இல் அது இன்றைய இடத்திற்கு மாற்றப்பட்டது. பத்துமலைக் குகையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கியவரும் அவரே. 1892 முதல் அங்குத் தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் இடமளித்த விக்டோரியா பள்ளி 1893இல் உருவானபோது, லோக் யூ, கப்பித்தான் யாப் குவான் செங் ஆகியோருடன் அவரும் அறங்காவலராகப் பொறுப்பேற்றார்.

தம்புசாமி 1902இல் மறைந்தார். கோலாலம்பூர் மாநகராக உயர்ந்தது 1972இல்தான். எனவே, மாநகரத் தலைவர் எனும் பதவி அவர் வாழ்ந்த காலத்தில் இல்லை. ஆயினும், பொதுப் பணத்தைக் காப்பது, நகரின் தூய்மையைப் பேணுவது, பள்ளியும் ஆலயமும் அமைப்பது எனத் தலைவர் ஒருவர் ஆற்ற வேண்டிய கடமைகள் பலவற்றை அவர் ஆற்றினார். தலைநகரில் அவர் பெயரைத் தாங்கிய சாலை இன்றும் உண்டு. பதவி வரும் என்று காத்திராமல் கடமையைத் தொடங்கியவர்களால்தான் இந்நகரம் வளர்ந்தது என்பதை அப்பெயர் நமக்கு நினைவூட்டுகிறது.