பலகையும் ஆணியும் போதும்

பண்டிகைக் காலம் வந்தால் பத்திரிகைகளில் தளபாட விளம்பரங்கள் நிறைந்துவிடும். 'நவீன வடிவமைப்பு', 'புதிய வரவு' என்ற வாசகங்களுடன் கதிரைகளும் கட்டில்களும் கண்ணைக் கவரும். விலையைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். நல்ல தளபாடம் பணம் படைத்தவர்களுக்கு மட்டும்தான் உரியதா?

இல்லை என்று செய்து காட்டியவர் இத்தாலிய வடிவமைப்பாளர் என்ஸோ மாரி (1932 - 2020). பெரிய நிறுவனங்களுக்கு வடிவமைத்துக் கொடுத்துப் புகழ் பெற்றவர் அவர். ஆனாலும் 1974ஆம் ஆண்டு, மேசை, கதிரை, வாங்கு, கட்டில் என 19 தளபாடங்களின் வரைபடங்களைப் பொதுமக்களுக்கு வழங்கினார். அப்போது தபாற்செலவை மட்டும் அனுப்பியவர்களுக்கு வரைபடங்கள் வீடு தேடி வந்தன. தொழிற்சாலைகளும் வியாபாரிகளும் தவிர, எவரும் அவற்றைச் செய்துகொள்ளலாம் என்பதே அவரது நிபந்தனை.

சாதாரணப் பலகை, ஆணி, சுத்தியல், வாள் ஆகியவையே இதற்குத் தேவை. பலகைகளை நேராக அறுத்தால் போதும். நுணுக்கமான பொருத்துகள் வெட்ட வேண்டியதில்லை. மேசைக் கால்கள் ஆடாமலிருக்கச் சாய்வாகச் சட்டங்கள் அடிக்கப்படுகின்றன. நம் ஊர் மரப் படலையில் மூலைக்கு மூலை சட்டம் அடிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். தன் கையால் ஒரு கதிரையைச் செய்து பார்த்தவருக்கு, எது உறுதியானது, எது வெறும் பகட்டு என்று கடையிலும் பிரித்தறியத் தெரியும். மாரி விரும்பியதும் அந்த அறிவைத்தான்.

இந்த வடிவங்கள் பழமையாகிவிடவில்லை. அவற்றில் ஒரு கதிரையை, அறுத்த பலகைகளாகவும் ஆணிகளாகவும் 2010 முதல் பின்லாந்தின் ஆர்ரெக் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நம்மைப் போன்றோருக்கு இன்னும் நெருக்கமானது பேர்லின் நகரில் நடந்தது. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து லம்பெடூசா தீவு வழியாக அகதிகளாக வந்த இளைஞர்கள் சிலர், வேலை செய்ய அனுமதியின்றி அங்கே தவித்தனர். அவர்களுக்காக 'குக்குலா' என்ற பட்டறை உருவானது. ஹௌசா மொழியில் அதற்குச் சேர்ந்து செய்தல், ஒருவரையொருவர் பராமரித்தல் என்று பொருள். தன் கதிரைகளைச் செய்து விற்கும் உரிமையை மாரி அவர்களுக்கு அளித்தார். அகதிகள் வந்த படகுகளின் உடைந்த மரத்துண்டுகளையும் சில கதிரைகளில் அவர்கள் பொருத்தினர். கதிரை செய்ததால் மட்டும் அவர்களுக்கு வதிவிட அனுமதி கிடைத்துவிடவில்லை. ஆனால் கைக்குத் தொழிலும், தம் கதையைச் சொல்ல ஒரு வழியும் கிடைத்தன.

களப்பணிக்காக நான் செல்லும் வீடுகளில், கால் ஆடும் மேசையும் உடைந்த வாங்கும் திருத்துவதற்கு ஆளின்றி மூலையில் கிடக்கின்றன. போரில் கணவரையோ மகனையோ இழந்த பெண்கள், ஓர் ஆணி அடிப்பதற்கும் அயல்வீட்டாரை எதிர்பார்க்கிறார்கள். சுத்தியல் ஆண்களுக்குரியது என்று யார் சொன்னது? அம்மியும் உலக்கையும் பிடித்த கைகளுக்குச் சுத்தியல் பாரமாகிவிடுமா?

நலன்புரி அமைப்புகள் தரும் கதிரை சில காலத்தில் உடைந்துவிடும். அதைச் செய்யும் அறிவு உடையாது. வாழ்வாதாரப் பயிற்சி என்றதும் தையலையும் கோழி வளர்ப்பையும் மட்டும் கேட்காமல், மரவேலையையும் கேளுங்கள். மாதர் சங்கத்தில் நான்கு பேர் சேர்ந்து ஒரு சிறிய வாங்கிலிருந்து தொடங்கலாம். முதலாவது கொஞ்சம் கோணலாக வரலாம். இரண்டாவது நிமிர்ந்து நிற்கும்.