ஏலமலை இல்லங்களில் இணையப் பெட்டி

போடிநாயக்கனூருக்கு மேற்கே சுவரெழுப்பினாற்போல் நிற்கும் மலைத்தொடரை அறியாதார் நம் உறுப்பினருள் இலர். நெசவாளரும் அம்மலைமீது மேகம் கவிவதைப் பார்த்தே பாவு உலர்த்தும் வேளையைத் தேர்வர். பயிரிடுவோருக்கோ அம்மலையே வாழ்வு. மேலே விளைவதைக் கீழே கொணர்வதும், கீழே நடப்பதை மேலே தெரிவிப்பதும் இவ்வட்டாரத்தின் நெடுநாளைய இடர்கள்.

முதல் இடருக்குச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு வழி கண்டனர். மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் 1908 முதல் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்தது. பாதை போயிற்று; டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் பெயர்கள் மட்டும் மலைமேல் நிலைத்துவிட்டன.

இரண்டாம் இடர் இன்று தீரத் தொடங்கியுள்ளது. அன்று தேயிலையைச் சுமந்தது இரும்பு வடம். இன்று செய்தியைச் சுமப்பது மயிரிழை போன்ற கண்ணாடி இழை. அவ்விழை வீட்டுவாசலை அடைந்தபின் அதனை வரவேற்று உள்ளே பரப்புவது ஒரு சிறு பெட்டி. 'வைஃபை பெட்டி' என்றும் 'மோடம்' என்றும் மக்கள் கூறும் ரூட்டர் அதுவே. அதனை முதன்முறையாக வீட்டில் அமைப்போர் அறியவேண்டியவற்றை இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

ஏலக்காயும் ஏலமும்

"எமக்கு எதற்கு இணையம்?" என வினவும் மூத்தோர் நம் சங்கத்தில் உளர். அவர்கட்கு விடையாக ஒன்று கூறுவோம்.

ஏலக்காய்க்குப் போடியிலும், கேரளத்தில் வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல நிலையங்கள் உள்ளன. முன்னர் வணிகர் கூடிக் குரலெழுப்பி விலை கேட்டனர். போடியில் 2007ஆம் ஆண்டில் மின்னணு ஏலம் வந்தது. வணிகர் கணினியில் விலை கேட்கலாயினர். 2021ஆம் ஆண்டில் இரு நிலையங்களிலிருந்தும் ஒருசேர விலை கேட்கும் முறையும் அமைந்தது. ஒவ்வொரு ஏலத்தின் சராசரி விலையும் உச்ச விலையும் வாரியத்தின் இணையதளத்தில் வெளியாகின்றன. அவற்றை எவரும் காணலாம், கட்டணம் இல்லை.

ஏலக்காய் விலை நிலையற்றது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை ஏறியது. 2022ஆம் ஆண்டிலோ சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழ் இறங்கியது. இவ்வாறு ஏறி இறங்கும் பொருளை விற்பவர் அன்றன்றைய விலையை அறியாதிருத்தல் கண்ணைக் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் நடப்பதை ஒக்கும்.

நம் உறுப்பினரான அம்மையார் ஒருவர் போடிமெட்டுக்கு அப்பால் சிறு தோட்டம் உடையவர். கணவரை இழந்தபின் தாமே தோட்டத்தை நடத்தி வருகிறார். காய் பறிக்கும் காலங்களில் ஸ்டோரிலேயே தங்கிக் காயை உலர்த்துவார். அங்கு கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடையாது. தோட்டத்தின் மேற்கோடியிலுள்ள பாறைமீது ஏறினால் மட்டும் சிறிது கிட்டும். மழையிலும் அட்டைக் கடியிலும் நாள்தோறும் பாறை ஏற இயலுமோ? ஆகவே வாயிலில் வந்து நிற்கும் வணிகர் கூறுவதே அவருக்கு விலை. "அக்கா, இன்னிக்கு ஏலத்துல விலை எறங்கிப்போச்சு, இதுக்கு மேல யாரும் தரமாட்டாக" என்பார் அவ்வணிகர். சில நாட்களில் அது மெய். சில நாட்களில் அன்று. எந்நாள் மெய், எந்நாள் அன்று என்பதை அறிய வழியின்மையே அம்மையாரின் குறை.

சாலையோரக் கம்பங்கள் வழியே அண்டை வீடுகளுக்கு இழைவடம் வந்தபோது, அம்மையாரும் இணைப்புப் பெற்றார். இப்போது விளக்கு வைத்தபின் அன்றைய விலைப்பட்டியலைப் பார்த்துக் கணக்கேட்டில் குறித்துக்கொள்கிறார். அடுத்த முறை வணிகர் வந்தபோது அவர் கூறியது இவ்வளவே: "தம்பி, இன்னிக்குச் சராசரி என்னன்னு நானும் பாத்துட்டேன். காயைப் பாத்துத் தரத்தைச் சொல்லுங்க, பேசுவோம்." சராசரி விலை யாவருக்கும் உரிய விலையன்று என்பதை அம்மையாரும் அறிவார். காயின் பருமன், நிறம், ஈரப்பதம் ஆகியவற்றுக்கேற்ப விலை கூடும், குறையும். ஆயினும் பேச்சு இப்போது இருவருக்கும் தெரிந்த ஓர் எண்ணிலிருந்து தொடங்குகிறது. அதுவே ஆதாயம்.

நெசவாளருக்கும் இது பொருந்தும். ஆண்டிபட்டி வட்டாரத்தில் தறி வைத்திருப்போருக்குக் கரை மாதிரியும் நிறமும் இன்று படமாகவே கைப்பேசிக்கு வருகின்றன. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் இன்று தன் துணிகளை இணையத்திலும் விற்கிறது. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது சமிக்ஞை தேடி மேட்டிலும் மரத்தடியிலும் அமர்ந்து பாடம் கேட்ட பிள்ளைகளை நாம் கண்டோம். அந்நிலை மீளலாகாது.

பெட்டியின் பணி

இழைவடம் என்பது தூய கண்ணாடி நார். ஒளி துடிப்புத் துடிப்பாக அதனுள் ஓடுகிறது, அத்துடிப்புகளே செய்தி. தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் ஒரே இழையைப் பிரித்து 32 வீடுகளுக்கோ அதற்கு மேலுமோ வழங்குவர். பிரிக்கும் இடத்தில் மின்சாரம் வேண்டுவதில்லை. கண்மாய் நீரை மடைகள் வழியே வயல்களுக்குப் பங்கிடுவதை ஒத்தது இது. மாலையில் ஊரார் அனைவரும் படம் பார்க்குங்கால் வேகம் சிறிது தளர்வதன் காரணமும் அதுவே.

பெட்டி அவ்வொளியை மின்துடிப்பாக மாற்றி, பின்னர் வானொலி அலையாக வீட்டினுள் பரப்புகிறது. 1895ஆம் ஆண்டிலேயே நம் நாட்டின் ஜகதீச சந்திர போஸ் கொல்கத்தாவில் சுவரையும் ஊடுருவும் அலையால் மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். அவ்வலைகளின் உறவினமே இது. முன்னாளில் வானொலிப் பெட்டி வைத்திருக்கவே அஞ்சலகத்தில் உரிமம் பெறவேண்டியிருந்ததை மூத்தோர் நினைவுகூர்வர். வைஃபைக்கு அத்தகைய உரிமம் வேண்டா, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2005இல் அரசு உரிமத்திலிருந்து விலக்கியது. 5 கிகாஹெர்ட்ஸுக்கான விலக்கு 2018இல் விரிவாக்கப்பட்டது.

இடம் தேர்தல்

இங்கு நம் பிழையையே சான்றாகக் கூறுகிறோம். நம் இல்லத்தில் பெட்டி வந்த நாளில், அது விலையுயர்ந்த பொருளாயிற்றே என எண்ணி முன்னறையின் இரும்புப் பீரோவுக்குப் பின்னே, பிள்ளைகள் கை எட்டாதவாறு வைத்தோம். பின்கட்டில் இணையமே இல்லை. இணைப்பு வழங்கிய நிறுவனத்தாரைத் தொலைபேசியில் இருமுறை கடிந்துகொண்டோம். மூன்றாம் நாள் வந்த இளைஞர் யாதும் பேசாது பெட்டியை எடுத்து நடுக்கூடத்துச் சுவரில் ஆளுயரத்தில் மாட்டினார். குறை அக்கணமே தீர்ந்தது. கடிந்துரைத்தமைக்கு அவரிடம் வருத்தம் தெரிவித்தோம். அன்று கற்றவை வருமாறு:

இரும்பு அலையைத் தடுக்கும். பீரோ, தகரக்கூரை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் அருகே பெட்டி கூடாது. மலைவீடுகளின் கருங்கற்சுவரும் அலையைப் பெரிதும் விழுங்கும். ஆகவே வீட்டின் நடுவில், தரையிலிருந்து ஐந்தடிக்குக் குறையாத உயரத்தில், திறந்தவெளியாக வைத்தல் நலம். அடுப்பங்கரையின் ஆவியும், காய் உலர்த்தும் அறையின் வெப்பமும் ஆகா.

இன்றைய பெட்டிகள் பெரும்பாலும் இரு அலைவரிசைகளில் இயங்குவன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் மிக்கது. ஆனால் சுவரைத் தாண்ட அஞ்சும். 2.4 வேகம் குறைந்தது. ஆனால் தொலைவு செல்லும். பெட்டி உள்ள அறையில் முன்னதையும், தறிக்கூடத்திலும் திண்ணையிலும் பின்னதையும் கொள்க. ஸ்டோருக்கும் குடியிருப்புக்கும் இடையே மரஞ்செடி அடர்ந்திருப்பின், மழைநாளில் ஈர இலைகள் அலையை மேலும் உறிஞ்சும். அத்தகைய இடத்தில் அலையை நம்பாது, வெளியிடத்துக்கெனச் செய்த கம்பிவடத்தை இழுத்து மறுமுனையில் மற்றொரு பெட்டி வைத்தலே உறுதி.

விளக்குகள் கூறும் மொழி

பெட்டியின் முகப்பில் சிறு விளக்குகள் உள்ளன. 'பவர்' எரிந்தால் மின்சாரம் உண்டு. 'பான்' அசையாது எரிந்தால் நிலையத்தோடு தொடர்பு உண்டு. 'லாஸ்' என்னும் விளக்கு அணைந்தே இருத்தல் வேண்டும். அது சிவப்பாக மின்னினால் ஒளி வந்துசேரவில்லை என்பது பொருள். கிளை முறிந்து வடம் அறுந்திருக்கலாம். அல்லது வீட்டிலேயே வடம் மடங்கியிருக்கலாம். கண்ணாடி இழையைச் சணல்போல் மடித்துக் கட்டலாகாது. வளையல் அளவினும் சிறிதாக வளைத்தால் ஒளி கசியும். அறுந்த முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தல் கூடவே கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தோன்றாது. எனினும் கண்ணுக்குத் தீங்கு செய்யும்.

பெயரும் கடவுச்சொல்லும்

பெட்டியின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் வைஃபையின் பெயர், கடவுச்சொல், பெட்டியின் உள்ளமைப்பைத் திறக்கும் முகவரி ஆகியன அச்சிடப்பட்டிருக்கும். முதலில் அப்பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு கைப்பேசியை இணைத்து, பின்னர் அம்முகவரியை உலாவியில் இட்டால் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்குச் செய்யவேண்டியவை மூன்று.

முதலாவது, உள்ளமைப்பைத் திறக்கும் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுக. பலர் மறப்பது இதுவே. சீட்டில் உள்ளதை அப்படியே விடுதல், புதுப்பூட்டை வாங்கிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவதாகும். இரண்டாவது, வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றுக. பெயரில் வீட்டு எண்ணோ கைப்பேசி எண்ணோ வேண்டா. கடவுச்சொல் தொடர்பற்ற நான்கைந்து சொற்கள் சேர்ந்ததாக இருப்பின் நினைவிலும் நிற்கும், பிறர் ஊகிக்கவும் இயலாது. மூன்றாவது, பாதுகாப்பு முறையாக டபிள்யூ.பி.ஏ. 3 அல்லது டபிள்யூ.பி.ஏ. 2 என்பதைத் தேர்க. கடவுச்சொல் இன்றித் திறந்து வைத்தல் கூடாது. உங்கள் இணைப்பில் பிறர் செய்யும் குற்றத்துக்கு முதல் விசாரணை உங்கள் வாயிலுக்கே வரும். விருந்தினருக்குத் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் அமைக்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு, அதனைப் பயன்கொள்க.

மாற்றியவற்றைக் கணக்கேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பதில் இழுக்கொன்றுமில்லை.

பெட்டி காக்க இயலாத ஒன்றும் உண்டு. "இணைப்பைச் சரிசெய்கிறோம், உங்களுக்கு வந்த எண்ணைக் கூறுங்கள்" என எவரேனும் தொலைபேசியில் கேட்டால் கூறலாகாது. ஓராண்டு உழைப்பு ஒரு நிமிடத்தில் வங்கிக் கணக்கிலிருந்து மறையும். ஏமாந்துபோனால் நாணத்தால் வாளாவிராது உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க. விரைவில் அழைத்தாலே பணம் மீள வாய்ப்பு மிகும்.

மின்னலும் மின்தடையும்

மலையில் கோடையிடியும் ஐப்பசி இடியும் கடியன. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆயினும் சில வடங்களில் தாங்குவதற்கென எஃகுக் கம்பி உண்டு. அன்றியும் பெட்டி மின்செருகியோடு பிணைக்கப்பட்டுள்ளது. எனவே வானம் இருண்டு இடி தொடங்குமுன்னரே செருகியைப் பிடுங்கிவிடுக. மின்தடைக்குச் சிறு மின்கலப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை தரும் வோல்ட்டும் நம் பெட்டியின் செருகியில் குறித்துள்ள வோல்ட்டும் ஒன்றாதல் வேண்டும்; ஆம்பியர் குறையலாகாது.

வேகக் கணக்கு

வேகத்தை மெகாபிட்டில் கூறுவர்; கோப்பின் அளவோ மெகாபைட்டில் உள்ளது. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். 30 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 3.75 மெகாபைட் வரும். 3 மெகாபைட் உள்ள புடவைப் படம் ஒரு நொடியில் வந்துவிடும். விலை பார்க்கவும் பாடம் கேட்கவும் இது போதும். நம் நாட்டில் 'அகன்ற அலைவரிசை' எனப்படுதற்கு 2023 முதல் குறைந்த அளவு 2 மெகாபிட். பெரும்வேகத்துக்குப் பெரும்பணம் தருமுன் தேவையை எண்ணிப் பார்க்க.

கூடிச் செய்வோம்

2011இல் மைய அரசு ஒப்புதல் அளித்த ஊராட்சி இழைவடத் திட்டம் இன்று பாரத்நெட் என வழங்குகிறது. அதன்கீழ்த் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணி தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்திடம் உள்ளது. எனினும் ஊராட்சி அலுவலகம் வரை வந்த இழை, கடைசிச் சரிவிலுள்ள கடைசி வீட்டை அடைவது தானாக நிகழாது. அங்கொருவர் இங்கொருவராக விண்ணப்பிக்கும்போது கம்பம் நடும் செலவைக் காட்டி மறுப்பவர், பத்து வீட்டார் சேர்ந்து கேட்டால் செவிசாய்ப்பர். அம்மையாரின் தோட்டப்பக்கத்துக்கு வடம் வந்ததும் அண்டை வீட்டார் சேர்ந்து கேட்டதனால்தான்.

இணைப்புப் பெற்றோர் பெறாதோருக்கு அன்றைய விலையைக் கூறுக. பெட்டி அமைக்கத் தெரிந்த இளைஞர் தெரியாத முதியோர் வீட்டுக்கு ஒருமுறை சென்று கடவுச்சொல்லை மாற்றித் தருக. அரைமணி நேரப் பணியே அது. அம்மையார் இப்போது மாலைதோறும் பக்கத்துத் தோட்டத்தார் மூவருக்கும் விலை கூறி வருகிறார். பாறைக்குச் செல்லும் தடத்தில் புல் முளைத்துவிட்டதாகவும் கூறினார். கூட்டுறவே நாட்டுயர்வு என்பதை வேறு சொற்களால் விளக்க வேண்டுமோ?