உலோகத் தொழிலுக்கு ஒரு மூல நூல்

ஈயம் எத்தனை டிகிரி உஷ்ணத்தில் உருகும், செம்போடு எவ்வளவு வெள்ளீயம் சேர்த்தால் நல்ல வெண்கலம் ஆகும் என்று ஓர் எஞ்சினீயரைக் கேட்டால், அவர் தடித்ததொரு கைநூலை எடுத்துப் புரட்டி உடனே விடை கூறிவிடுகிறார். அந்த விவரங்களை முதன் முதலில் யார், எவ்வளவு பாடுபட்டுத் தொகுத்தார்கள் என்று அவரும் விசாரிப்பதில்லை, நாமும் விசாரிப்பதில்லை. அத்தகைய கைநூல்களுக்கெல்லாம் பாட்டன் முறையாக வேண்டிய ஒரு கிரந்தம், ஸ்விட்ஸர்லாந்து தேசத்துப் பாஸல் நகரில் 1556-ம் ஆண்டில் அச்சாகி வெளிவந்தது. 'டி ரே மெட்டாலிகா' என்பது அதன் லத்தீன் பெயர். 'உலோக விஷயம்' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இதை இயற்றியவர் ஜார்ஜ் பௌவர் என்னும் ஜெர்மானியர். ஸாக்ஸனி நாட்டில் 1494-ல் பிறந்தவர். பௌவர் என்றால் குடியானவன் என்று பொருள். அக்காலத்துப் பண்டிதர்களின் வழக்கப்படி அதையே லத்தீனாக்கி 'அக்ரிகோலா' என்று வைத்துக்கொண்டார். அவர் சுரங்கத் தொழிலாளியுமல்லர், கொல்லருமல்லர். முதலில் பள்ளிக்கூடத்து உபாத்தியாயராக இருந்தார் என்பதில் நமக்கு ஒரு சிறு பெருமை உண்டு. பின்னர் இத்தாலிக்குச் சென்று வைத்தியம் பயின்று, 1527-ல் யோவாக்கிம்ஸ்டால் என்ற வெள்ளிச் சுரங்க ஊருக்கு வைத்தியராக வந்தார். இன்று செக் நாட்டிலுள்ள அவ்வூரில் அடித்த வெள்ளி நாணயத்தின் பெயரே திரிந்து 'டாலர்' ஆயிற்று.

நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் சுரங்கங்களிலும் உலைக்களங்களிலும் அவர் கழித்தார். தாம் கண்ணால் காணாததையும், நம்பத் தக்கவரிடம் கேளாததையும், படியாததையும் எழுதுவதில்லை என்று விரதம் பூண்டிருந்தார். நூலை 1550-ல் முடித்தார். ஆனால் படங்களை மரத்தில் செதுக்கி அச்சேற்றுவதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன. 1555 நவம்பரில் அவர் காலமானார்; சில மாதங்களுக்குப் பின்னரே புஸ்தகம் வெளிவந்தது.

நூலில் பன்னிரண்டு பாகங்கள். தாதுக் கற்களைத் தேடுவது, சுரங்கத்து நீரை இறைப்பது, கல்லை இடித்துக் கழுவுவது, உலையிலிட்டு உருக்குவது, பொன்னையும் வெள்ளியையும் பிரிப்பது என்று வரிசையாகச் சொல்லிப் படிகாரம், கந்தகம், கண்ணாடி வரையில் வந்து முடிகிறது. பொன்னுக்கு மாற்றுப் பார்க்கும் பகுதி நமக்கு அந்நியமாகவே தோன்றாது. பொன்னும் வெள்ளியும் வெவ்வேறு அளவில் கலந்த இருபத்து நான்கு ஊசிகளைச் செய்து, உரைகல்லில் அவற்றின் கோட்டையும் சோதிக்க வேண்டிய பொன்னின் கோட்டையும் ஒப்பிடச் சொல்கிறார். நம் ஊர்ப் பொற்கொல்லர் இதைப் படித்தால் தலையசைப்பார்.

கவைக்கோல் பிடித்துத் தாது இருக்குமிடம் கண்டுபிடிப்பவர்களை அவர் நம்பவில்லை. அப்படிப்பட்டவர் சுரங்கத்தில் பூதங்கள் உண்டென்று மட்டும் எழுதியிருக்கிறார்! மேதைகளுக்கும் இருட்டில் சிறிது பயம் இருக்கத்தான் செய்யும் போலும்.

நூலில் நம் மனத்தை உறைய வைப்பது வேறொரு பகுதி. கார்ப்பேதிய மலைச் சுரங்கங்களில் ஏழு கணவர்களை மணந்து, எழுவரையும் மார்பு நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் உண்டு என்கிறார். கல் தூள் நுரையீரலில் புகுந்து அரிப்பதே காரணம் என்பதை வைத்தியர் என்ற முறையில் கண்டுகொண்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள் என்று எழுதினார். படமொன்றில், உலையினருகே ஒரு தொழிலாளி வெண்ணெய் தின்றுகொண்டிருக்கிறார். புகையின் விஷத்துக்கு அதுதான் மருந்தென்று நம்பினார்களாம். யோவாக்கிம்ஸ்டால் தாதுவிலிருந்துதான் கியூரி தம்பதிகள் 1898-ல் ரேடியத்தைக் கண்டறிந்தனர். அவ்வூர்ச் சுரங்கத்தாரின் நுரையீரலை அரித்தது கல் தூள் மட்டுமன்று, ரேடியத்திலிருந்து பிறக்கும் ரேடான் வாயுவும்தான் என்பது இருபதாம் நூற்றாண்டில் தெரியவந்தது.

இவ்வளவு சிறந்த நூலுக்கு ஒரு விபத்தும் நேர்ந்தது. ஜெர்மன் தொழிலாளர் வாயில் வழங்கிய கருவிகளுக்கும் முறைகளுக்கும் பழைய லத்தீனில் பெயர் கிடையாது. ஆகவே அக்ரிகோலா தாமே பதங்களைப் படைத்தார். அவை பின் வந்தவர்களுக்குப் புதிராகிவிட்டன. 1557-ல் வந்த ஜெர்மன் மொழிபெயர்ப்பிலேயே பிழைகள் மலிந்திருந்தன. விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்கும் நமக்கு இந்தச் சங்கடம் நன்கு தெரியும். கலைச்சொல்லை ஆக்கிவிடலாம், பொருளைப் பார்த்திராத மாணவனுக்கு அது வெறும் ஒலிதான்.

முடிச்சை அவிழ்த்தவர்கள் ஓர் அமெரிக்கத் தம்பதிகள். சுரங்க எஞ்சினீயரான ஹெர்பர்ட் ஹூவரும், பூகர்ப்ப சாஸ்திரப் பட்டதாரியும் லத்தீன் அறிந்தவருமான அவர் மனைவி லூ ஹென்றியும், சுமார் ஐந்து ஆண்டுகள் உழைத்து, 1912-ல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார்கள். அகராதி கைவிட்ட இடங்களில், நூலில் சொன்னபடியே பரிசோதனை செய்து பார்த்துப் பொருளைத் தீர்மானித்தார்களாம். அந்த ஹூவர்தான் 1929 முதல் 1933 வரை அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர். அந்தப் பதவியில் அவர் அடைந்த கீர்த்தியைவிட இந்த மொழிபெயர்ப்பினால் அடைந்தது நிலையானது என்பது நம் அபிப்பிராயம்.

மூலத்திலிருந்த படங்களையெல்லாம் அவர்கள் அப்படியே சேர்த்தார்கள். 1950-ல் அது நியூயார்க்கில் மறு அச்சாயிற்று. துருத்தி ஊதும் நீர்ச் சக்கரங்களையும், மேஜையைச் சுற்றியமர்ந்து தாதுக் கல் பொறுக்கும் பெண்களையும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மாலைப்பொழுது போதாது.