சோங்க்ரான் முதல் லோய் கிரதோங் வரை: தாய்லாந்து திருவிழாக்களுக்குக் கிளம்பும்முன் என்ன தெரிந்திருக்கணும்?

"மச்சி, ஏப்ரல்ல லீவு போட்டு பாங்காக் போலாமா? சோங்க்ரான் செமயா இருக்குமாம்!"

பிப்ரவரி பிறந்தால் போதும், அலுவலக வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு மெசேஜ் வந்து விழும். சென்னையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை மணி நேர விமானப் பயணம். கையில் நான்கு நாள் லீவு இருந்தால் போய்வந்துவிடலாம். தாய்லாந்துக்குப் போக கடற்கரை ஒரு காரணம் என்றால், திருவிழா இன்னொரு காரணம்.

ஆனால், ரீல்ஸை மட்டும் நம்பி டிக்கெட் போட்டவர்கள் ஏமாந்து திரும்புவதும் உண்டு. வானம் முழுக்க விளக்கு மிதக்கும் என்று டிசம்பர் கடைசியில் சியாங் மாய் போனால், அந்த விழா முந்தைய மாதமே முடிந்திருக்கும். சோங்க்ரானுக்குப் போய் முதல் நாளே வாடகை பைக்கில் விழுந்து, மீதி நாட்களை மருத்துவமனையில் கழிப்பவர்களும் இருக்கிறார்கள்.

தாய்லாந்தின் ஒவ்வொரு பெரிய திருவிழாவுக்கும் இரண்டு பக்கம் உண்டு. செல்போன் திரையில் வருவது ஒன்று. வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நடப்பது இன்னொன்று. இரண்டாவது என்னவென்று தெரிந்தால்தான் முதலாவதில் எங்கே நிற்கலாம், எதைச் செய்யக் கூடாது என்பது பிடிபடும்.

அப்போ எப்போ டிக்கெட் போடுறது?

முதல் குழப்பமே தேதிதான். தாய்லாந்தில் திருவிழாத் தேதிகள் ஒரே காலண்டரில் இல்லை.

* தேதி மாறாதது: சோங்க்ரான். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 13, 14, 15.
* தாய் சந்திர நாட்காட்டிப்படி வருவது: லோய் கிரதோங். 12-வது மாதத்தின் பௌர்ணமி. பெரும்பாலும் நவம்பரில் வரும்.
* சீன நாட்காட்டிப்படி வருவது: பூக்கெட் சைவ உணவுத் திருவிழா. சீனர்களின் ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாட்கள். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும்.
* சாமியாடி சொல்லும் தேதி: வடகிழக்கில் லோயி மாகாணத்தின் தான் சாய் ஊரில் நடக்கும் பீ தா கோன் என்ற பேய் முகமூடித் திருவிழா. ஊர் சாமியாடிதான் நாள் குறிப்பார். பெரும்பாலும் ஜூன் அல்லது ஜூலை.

ஆக, "போன வருஷம் இந்தத் தேதியில் நடந்தது" என்ற கணக்கு சோங்க்ரானுக்கு மட்டுமே செல்லும். மற்றவற்றுக்கு அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்த பிறகே விமானத்தையும் ஹோட்டலையும் பதிவு செய்ய வேண்டும்.

சோங்க்ரான்: தண்ணீர் எதற்கு?

'சங்கராந்தி' என்ற சமஸ்கிருதச் சொல்தான் தாய் மொழியில் 'சோங்க்ரான்' ஆகியிருக்கிறது. சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் காலம். நம் சித்திரைப் புத்தாண்டும் இதே கணக்கில்தான் வருகிறது. தாய்லாந்து 1941-ல் அரசுப் புத்தாண்டை ஜனவரி 1-க்கு மாற்றிக்கொண்டது. ஆனாலும் மக்கள் மனதில் புத்தாண்டு என்றால் ஏப்ரல்தான். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ இதை உலகின் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் சேர்த்தது.

வீட்டுக்குள் இந்த விழா மிகவும் அமைதியானது. காலையில் கோயிலுக்குப் போய் புத்தர் சிலைக்கு நறுமண நீர் ஊற்றுவார்கள். பிறகு வீட்டுப் பெரியவர்கள் முன் உட்கார்ந்து, மல்லிகை மிதக்கும் நீரை அவர்கள் கைகளில் மெல்ல ஊற்றி ஆசி வாங்குவார்கள். ஏப்ரல் 13 அங்கே முதியோர் தினம், 14 குடும்ப தினம். கோயில் வளாகத்தில் மணலால் சிறு கோபுரங்கள் கட்டும் வழக்கமும் உண்டு. ஆண்டு முழுக்கக் காலில் ஒட்டி வெளியே போன கோயில் மண்ணைத் திருப்பித் தருவதாக இதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.

கையில் ஊற்றிய அந்தத் தண்ணீர்தான் தெருவுக்கு வந்து வாளியாகி, இப்போது வாட்டர் கன் ஆகியிருக்கிறது. பாங்காக்கில் சீலோம் சாலையும் காவ் சான் சாலையும், சியாங் மாயில் பழைய நகரைச் சுற்றியுள்ள அகழியும் இந்த ஆட்டத்தின் மையங்கள். பட்டாயாவில் கொண்டாட்டம் தாமதமாகி, ஏப்ரல் 18, 19 தேதிகளில்தான் உச்சத்தை எட்டும்.

பயணிகள் மனதில் வைக்க வேண்டியவை சில உண்டு. பிக்குகள், முதியவர்கள், கைக்குழந்தைகள் மீது தண்ணீர் அடிக்கக் கூடாது. ஐஸ் தண்ணீரும் அழுக்குத் தண்ணீரும் வேண்டாம். முகத்தில் வெள்ளைச் சுண்ணக் குழம்பு பூசுவது வழக்கம்தான்; அதற்காக முன்பின் தெரியாத பெண்ணின் கன்னத்தைக் கேட்காமல் தொட்டால் அது சீண்டல்.

இன்னொரு விஷயம்: பொங்கலுக்குச் சென்னை காலியாவதுபோல சோங்க்ரானுக்கு பாங்காக் காலியாகும். சொந்த ஊர் போகும் கூட்டத்தால் ரயில், பஸ் டிக்கெட் கிடைக்காது. சிறு கடைகளும் உணவகங்களும் மூடியிருக்கும். ஊர்விட்டு ஊர் போகும் திட்டம் இருந்தால் ஏப்ரல் 11-க்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது.

'ஏழு ஆபத்தான நாட்கள்'

சோங்க்ரானையொட்டிய ஒரு வாரத்துக்கு தாய்லாந்து மக்கள் வைத்திருக்கும் பெயர் இது. அந்த ஏழு நாட்களில் சாலை விபத்துகளில் இறப்பவர்கள் ஆண்டுதோறும் 200-க்கும் மேல். குடித்துவிட்டு ஓட்டுவதும் அதிவேகமும் முக்கியக் காரணங்கள். விபத்தில் சிக்குபவற்றில் பெரும்பகுதி இருசக்கர வாகனங்கள்.

ஓடும் பைக் மீது ஒரு வாளித் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அதனால் அந்த வாரம் வாடகை பைக்கைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். பைக் ஓட்டும் உரிமமும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் இல்லாதவர் ஓட்டி விழுந்தால், பயண இன்சூரன்ஸ் பொதுவாகக் கைகொடுக்காது. பாங்காக்கில் மெட்ரோவும் ஸ்கைட்ரெயினும் இருக்கின்றன. நனைந்தபடி நடந்தே போகலாம்.

சியாங் மாய் போகிறவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை ஒன்று. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல் எரிப்பாலும் காட்டுத்தீயாலும் வடக்குப் பகுதியில் புகை சூழும். ஆஸ்துமா உள்ளவர்கள் காற்றுத் தர அளவைப் பார்த்துவிட்டே முடிவெடுக்கணும்.

ஜூன், ஜூலை: கூட்டமில்லாத மாதங்கள்

மழைக்காலம் என்பதால் வெளிநாட்டுப் பயணிகள் குறைவு, கட்டணமும் குறைவு. பீ தா கோன் விழா இந்த நேரத்தில்தான். நாடு கடத்தப்பட்ட வெஸ்ஸந்தர இளவரசர் ஊர் திரும்பியபோது, வரவேற்பின் ஆரவாரத்தில் பேய்களும் வந்து கலந்துகொண்டன என்பது கதை. வெஸ்ஸந்தரர் என்பது புத்தரின் முற்பிறவி. ஒட்டரிசி வேகவைக்கும் மூங்கில் கூடையையும் தென்னை மட்டையையும் சேர்த்து, நீள மூக்கு வைத்து முகமூடி செய்கிறார்கள். சமையலறைப் பொருள்தான் பேயாகிறது!

ஜூலை பௌர்ணமியையொட்டி பிக்குகளின் மூன்று மாத மழைக்கால விரதம் தொடங்கும். அப்போது உபோன் ராட்சதானி நகரில் மெழுகில் செதுக்கிய பிரம்மாண்டச் சிற்பங்கள் தேர்போல ஊர்வலம் வரும். விரத காலத்தில் விகாரங்களுக்கு மெழுகுவத்தி தானம் செய்த பழக்கம்தான் இப்படி வளர்ந்திருக்கிறது.

அக்டோபர்: அலகும் மாரியம்மனும்

பூக்கெட் என்றால் கடற்கரை மட்டும்தான் என்று நினைப்பவர்களை அதிரவைக்கும் விழா இது. ஈயச் சுரங்க வேலைக்கு வந்த சீனர்களின் குடியிருப்பான கதூ பகுதியில், 1825-ல் வந்த ஒரு நாடகக் குழுவினர் நோயில் விழுந்தார்கள். ஒன்பது பேரரசர் தெய்வங்களுக்கு விரதம் இருந்து குணமானார்கள் என்று கதை சொல்கிறது.

சாமி வந்தவர்கள் கன்னத்தில் வேலும் கம்பியும் குத்திக்கொண்டு ஊர்வலம் வருகிறார்கள். தீ மிதிக்கிறார்கள். அலகு குத்துதலையும் பூக்குழியையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. ஊர்வலம் காலையிலேயே தொடங்கிவிடும். வெள்ளை உடைதான் வழக்கம். பல்லக்கு மீது சரவெடி வீசுவார்கள். முழுக்கைப் பருத்தி உடையும் காதடைப்பானும் அவசியம். ரத்தம் பார்த்தால் மயக்கம் வருபவர்கள் தள்ளி நிற்பது நல்லது.

சைவம் சாப்பிடும் பயணிகளுக்கு இந்த விழா கற்றுத்தரும் ஒரு சொல் ஆண்டு முழுக்கப் பயன்படும்: 'ஜே'. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் இந்தச் சொல் இருந்தால் அங்கே இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை. வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. வெறுமனே 'வெஜிடேரியன்' என்று கேட்டால் மீன் சாஸ் ஊற்றிய காய்கறி வந்து நிற்கும்!

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அக்டோபர் பூக்கெட்டில் மழைக்காலம். மேற்குக் கடற்கரையில் அலை மூர்க்கமாக இருக்கும். சிவப்புக் கொடி பறந்தால் கடலில் இறங்கவே கூடாது.

பெரும்பாலான ஆண்டுகளில் இதே நாட்களில்தான் நவராத்திரியும் வரும். பாங்காக் சீலோமில் 19-ம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலில் விஜயதசமி இரவு அம்மன் ஊர்வலம் புறப்படும். தெருவோரம் பழம், சாமந்தி, விளக்கு வைத்துக் காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தாய் மக்கள்தான்.

நவம்பர்: நீரில் ஒன்று, வானில் ஒன்று

லோய் என்றால் மிதக்கவிடுவது. கிரதோங் என்பது வாழைத்தண்டு வில்லையில் வாழையிலை மடித்து, பூ, மெழுகுவத்தி, ஊதுவத்தி வைத்த சிறு தெப்பம். ஆண்டு முழுக்கத் தண்ணீரைப் பயன்படுத்தியதற்கு, அழுக்காக்கியதற்கும் சேர்த்து, நீர்த்தாயிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். அந்தத் தாய்க்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கோங்க்கா'. நம் கங்கைதான்.

மன்னிப்பே குப்பையாகிறது என்பதுதான் இப்போதைய சிக்கல். 2024-ல் பாங்காக் மாநகராட்சி மறுநாள் அள்ளிய கிரதோங்குகள் 5 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானவை இயற்கைப் பொருட்கள்தான். ஆனாலும் அள்ளாவிட்டால் நீர் கெடும். ரொட்டியில் செய்தவை 'மீனுக்கு உணவு' என்று விற்கப்படுகின்றன. சிறு குளங்களில் அவை அளவுக்கு மிஞ்சிக் கரைந்து நீரின் ஆக்ஸிஜனைக் குறைத்துவிடும். ஃபோம் வேண்டாம், வாழைத்தண்டு போதும், குழுவுக்கு ஒன்று போதும் என்பதே அங்குள்ளவர்கள் கேட்டுக்கொள்வது.

வானில் மிதக்கும் காகித விளக்குகள் வடக்கின் யீ பெங் விழாவைச் சேர்ந்தவை. லோய் கிரதோங் வரும் அதே பௌர்ணமிதான். ஆனால் லன்னா நாட்காட்டி இரண்டு மாதம் முன்னால் ஓடுவதால் அங்கே அது இரண்டாம் மாதம். 'யீ' என்றால் இரண்டு, 'பெங்' என்றால் பௌர்ணமி. விளக்குகளால் விமானங்களுக்கு ஆபத்து என்பதால் அந்த இரவுகளில் சியாங் மாயில் பல விமானங்கள் ரத்தாகும், நேரம் மாறும். கண்ட இடத்தில் விளக்கு பறக்கவிட்டால் அபராதமும் சிறையும்கூட உண்டு. ரீல்ஸில் வரும் 'ஆயிரம் விளக்கு' காட்சி பெரும்பாலும் ஊருக்கு வெளியே டிக்கெட் போட்டு நடக்கும் நிகழ்ச்சி. செலவு வேண்டாம் என்றால் கோயில் வாசல்களிலும் பிங் ஆற்றங்கரையிலும் அகல் வரிசைகளைக் காசில்லாமல் பார்க்கலாம். திரும்பும் விமானத்தை மட்டும் பகல் நேரத்துக்குப் போடுங்க.

கேமராவுக்கு வராத ஒரு விழா

பாங்காக்கில் வாட் சுதாட் கோயில் முன் நிற்கும் பிரம்மாண்டச் சிவப்பு ஊஞ்சல் கம்பத்தை எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். அந்த ஊஞ்சல் விழாவின் பெயர் 'திரியம்பவாய்'. திருவெம்பாவையின் திரிபு. பூமிக்கு வரும் சிவனை வரவேற்று ஆடிய ஊஞ்சல் 1935-ல் நின்றுபோனது. ஆனால் அருகிலுள்ள தேவஸ்தானத்தில் அரசவைப் பிராமணர்கள் மார்கழி, தையை ஒட்டி அந்தச் சடங்கை இன்றும் நடத்துகிறார்கள். திருவெம்பாவை, திருப்பாவைப் பாடல்கள், உச்சரிப்பு மிகவும் மாறிய வடிவில், அங்கே இன்னும் ஓதப்படுகின்றன.

கிளம்பும்முன் ஒரு செக் லிஸ்ட்

* விழாத் தேதியை உறுதி செய்த பிறகே டிக்கெட். சோங்க்ரான், யீ பெங் ஹோட்டல்களுக்குப் பல மாதம் முன்பே பதிவு தேவை.
* பயண இன்சூரன்ஸ் கட்டாயம். அதில் எது அடங்காது என்ற பகுதியைப் படிக்கவும்.
* கோயிலுக்குத் தோளும் முழங்காலும் மறையும் உடை. புத்தர் சிலைக்கு நேரே கால் நீட்டி உட்காரக் கூடாது.
* சாமி வந்தவர், பிக்கு, வழிபடுபவர் யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே கேமரா நீட்டும்முன் அனுமதி கேட்கவும்.
* தெருவுக்கு மதியம் போனால் போதும். காலை ஏழு மணிக்கு ஹோட்டலுக்குப் பக்கத்துக் கோயிலுக்கு ஒரு நடை போய்வாங்க. சோங்க்ரான் அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு டிக்கெட்டும் கிடையாது.