வீட்டுக்கு முன் பள்ளியைத் தேடுங்கள்: அமெரிக்கா செல்லும் குடும்பங்களுக்கு

வேலை நிமித்தம் அமெரிக்கா செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் வீடு தேடுகின்றன. பள்ளியைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டு விடுகின்றன. அங்கே இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. ஆனால் எந்தப் பள்ளியில் இடம் என்பதை உங்கள் வீட்டு முகவரிதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பின் அந்தப் பள்ளி உங்களுக்கு இல்லை என்று தெரிந்தால், பிள்ளையின் ஒரு கல்வி ஆண்டு அதில் மாட்டிக் கொள்ளும். உங்களிடம் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் இருந்தால், இதை ஊரில் இருந்தபடியே இரண்டு மூன்று மாலைகளில் பார்த்து விடலாம்.

முதலில் 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்றால் என்ன என்று பார்ப்போம். மாவட்டம் என்றதும் நமக்குக் கலெக்டர் ஆபீஸ் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. பள்ளிகளை மட்டும் நடத்தும் உள்ளூர் நிர்வாகம் இது. பெரும்பாலான இடங்களில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு போர்டு இதை நடத்துகிறது. செலவில் பெரும் பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்தும் மாநில அரசிடமிருந்தும் வருகிறது. நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. ஹவாய் மாநிலம் முழுவதும் ஒரே மாவட்டம். நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் நியூஜெர்சி சின்ன மாநிலம்தான். அங்கே 500க்கும் மேல்! ஆகவே சிறிய மாவட்டம் என்பது அங்கே சாதாரணம்.

இப்போது பிரவுசரைத் திறந்து, 'என்.சி.இ.எஸ். டிஸ்ட்ரிக்ட் சர்ச்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். என்.சி.இ.எஸ். என்பது அமெரிக்க அரசின் கல்விப் புள்ளிவிவர மையம். ஊர்ப் பெயரையும் மாநிலத்தையும் கொடுத்தால், அந்த மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்ற விவரங்கள் கிடைக்கும். இந்தப் பக்கத்தைப் புக்மார்க் செய்து வைத்துக் கொள்ளுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறும் இடம் வருகிறது. தபால் முகவரியில் உள்ள ஊர் வேறு, பள்ளி மாவட்டம் வேறு. நியூஜெர்சியில் பிரின்ஸ்டன் என்ற ஊருக்கு 08540 என்ற ஜிப் கோடு உண்டு. நம் பின்கோடு மாதிரிதான். ஆனால் பக்கத்தில் உள்ள பிளெய்ன்ஸ்பரோ, வெஸ்ட் வின்ட்சர் பகுதிகளின் சில வீடுகளுக்கும் இதே கோடு, இதே 'பிரின்ஸ்டன்' முகவரி. அந்தப் பிள்ளைகள் போவது பிரின்ஸ்டன் பள்ளிக்கு அல்ல. வெஸ்ட் வின்ட்சர்-பிளெய்ன்ஸ்பரோ மாவட்டப் பள்ளிக்கு. அதுவும் நல்ல பெயர் பெற்றதுதான், ஆனால் நீங்கள் நினைத்தது அதுவல்லவே! வாடகை விளம்பரத்தில் உள்ள ஊர்ப் பெயரை நம்ப வேண்டாம். கதவு எண்ணுடன் முழு முகவரியையும் எழுதி, "இந்த வீட்டுக்கு எந்தப் பள்ளி?" என்று அந்த மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு இமெயில் அனுப்புங்கள். பதிலைப் பிரிண்ட் எடுத்து வைத்துக் கொண்டு பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

அடுத்து, எந்த வகுப்பு வரை அந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பிளெய்ன்ஸ்பரோவுக்குப் பக்கத்தில் உள்ள கிரான்பரி மாவட்டத்தில் இருப்பது ஒரே பள்ளி, எட்டாம் வகுப்பு வரை. ஒன்பதாம் வகுப்புக்குப் பிள்ளைகள் பிரின்ஸ்டன் ஹைஸ்கூலுக்குப் போகிறார்கள். உங்கள் பிள்ளை இப்போது ஏழாம் வகுப்பு என்றால், பார்க்க வேண்டியது இரண்டு மாவட்டங்கள்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். 'கிரேட் ஸ்கூல்ஸ்' என்ற தளம் பள்ளிகளுக்கு ஒன்று முதல் பத்து வரை ரேட்டிங் தருகிறது. வீடு தேடும் தளங்களிலும் இதுவே காட்டப்படுகிறது. இந்த ஓர் எண்ணை வைத்துச் சிறிய மாவட்டத்தை எடை போடுவது தவறு என்பது என் கருத்து. ஒரு கணக்குப் பாருங்கள். நாலாம் வகுப்பில் 20 பேர். போன வருடம் 15 பேர் கணிதத் தேர்வில் தேறினார்கள், 75 சதவீதம். இந்த வருடம் 12 பேர், 60 சதவீதம். பள்ளி சரிந்து விட்டதா? மூன்று பிள்ளைகள்தான் வித்தியாசம்! பெரிய மாவட்டத்தில் மூன்று பேர் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள்.

எனவே மாநிலக் கல்வித் துறையின் தளத்துக்குச் சென்று பள்ளி அறிக்கையைத் திறந்து, நான்கைந்து வருட விவரத்தை எக்ஸெலில் வரிசையாக டைப் செய்யுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். தேர்வு எழுதியவர் எண்ணிக்கையைச் சதவீதத்தால் பெருக்கித் தேறியவர்களைக் கணக்கிட்டு, எல்லா வருடத்தையும் கூட்டிப் பாருங்கள். 2020ல் கோவிட் காரணமாக நாடெங்கும் மாநிலத் தேர்வுகள் நடக்கவில்லை. அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும். சில இடங்களில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருக்கும். மாணவர்கள் மிகக் குறைவு என்பதால், தனி ஒரு பிள்ளையை அடையாளம் கண்டு விடக்கூடாது என்று மறைத்திருக்கிறார்கள்.

ரேட்டிங்கில் வராத விஷயங்களுக்குப் போர்டு கூட்டக் குறிப்புகளைப் படியுங்கள். மாவட்டத் தளங்களில் பிடிஎப் கோப்புகளாக இருக்கும். நூறு பக்கத்தையும் படிக்க வேண்டாம். கோப்பைத் திறந்து கன்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்தி, 'பட்ஜெட்', 'குளோஷர்' போன்ற சொற்களை ஆங்கிலத்தில் தேடுங்கள். பள்ளியை மூடப் போகிறார்களா, இசை வகுப்பை நிறுத்தப் போகிறார்களா என்பதெல்லாம் அதில் வெளிவரும். ஹைஸ்கூல் என்றால் பாடப் பட்டியலையும் பாருங்கள். சிறிய பள்ளியில் ஆசிரியருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும், ஆனால் உயர் கணிதமும் இயற்பியலும் வருடா வருடம் நடக்கும் என்ற உறுதி இல்லை. காலண்டரும் முக்கியம். கொலராடோ, மிசௌரி போன்ற மாநிலங்களில் பல சிறிய மாவட்டங்களில் வாரம் நான்கு நாள்தான் பள்ளி. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் ஐந்தாம் நாள் பிள்ளையை யார் பார்ப்பது?

தமிழ் வழியில் படித்த பிள்ளையாயிற்றே என்று கவலைப்பட வேண்டாம். ஆங்கிலம் தெரியாத மாணவருக்கு உதவி செய்வது பள்ளியின் கடமை என்று 1974ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துள்ளது. யார் அந்த வகுப்பை எடுக்கிறார், வாரம் எத்தனை நாள் என்பதை மட்டும் அதே இமெயிலில் கேட்டு விடுங்கள். தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், பழைய பள்ளியின் மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை இங்கேயே ஸ்கேன் செய்து ஒரே போல்டரில் போட்டு, பென் டிரைவில் ஒரு காப்பியும் வைத்துக் கொள்ளுங்கள். சேர்க்கையின்போது இவற்றையும் வாடகை ஒப்பந்தத்தையும்தான் முதலில் கேட்பார்கள்.