துணிக்கடையின் கடைசி மூன்றடி

குயிலாப்பாளையத்தைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் தையல் தொழில் செய்தவர். பக்கவாதம் தாக்கியதில் அவருடைய வலது கையும் வலது காலும் வலுவிழந்தன. எங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, பின்னர் பல மாதங்கள் இயன்முறைப் பயிற்சிக்கு வந்தார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தாமே மாறவும், கைத்தடியுடன் சில அடிகள் நடக்கவும் கற்றுக்கொண்டார். மகனுக்கு நிச்சயதார்த்தம் என்று அவர் சொன்னபோது எங்கள் பிரிவில் அனைவருக்கும் மகிழ்ச்சி.

அடுத்த முறை வந்தபோது நிச்சயதார்த்தம் எப்படி நடந்தது என்று விசாரித்தோம். நகரத்தில் உள்ள பெரிய துணிக்கடை ஒன்றுக்குக் கணவருடன் சென்றிருக்கிறார். வாசலில் சாய்தளம் இருந்தது; மேல்தளத்துக்குச் செல்ல மின்தூக்கியும் இருந்தது. கட்டுவதற்கு எளிது என்று புடவைக்குப் பதிலாகச் சுடிதார் தேர்ந்தெடுத்தார். ஆனால் போட்டுப் பார்க்கும் அறையின் கதவு சக்கர நாற்காலியை விடக் குறுகலாக இருந்தது. எழுந்து நடந்து உள்ளே போகலாம் என்றால், நாள்தோறும் அவருக்கு உடை மாற்றிவிடும் கணவரை உள்ளே விட மறுத்தார்கள். அது பெண்கள் பகுதி, ஆண்களுக்கு அனுமதியில்லை. போட்டுப் பார்க்காமலேயே வாங்கி வந்தார்கள். வீட்டில் பார்த்தால், மடங்கி நிற்கும் வலது முழங்கையைத் தாண்டிச் சட்டைக் கை ஏறவில்லை. மாற்றி வாங்க இன்னொரு முறை வாடகைக் கார் பிடிக்க வேண்டும். நிச்சயதார்த்தத்துக்குப் பழைய புடவையே போதும் என்று இருந்துவிட்டார்.

“ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் அளவெடுத்தவ நான், சிஸ்டர். எனக்கு ஒரு துணி அளவு பாக்க முடியாமப் போச்சு” என்றார்.

இதைச் சிறிய குறை என்று ஒதுக்க எங்களால் இயலவில்லை. இதே போன்ற அனுபவத்தைக் கால் அகற்றப்பட்டவர்களும், தண்டுவடக் காயமடைந்தவர்களும், மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், முதுமையால் தளர்ந்தவர்களும் எங்களிடம் கூறியிருக்கிறார்கள். பலர் அதன்பின் கடைக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் வாங்கி வருவதை அணிந்துகொள்கிறார்கள். சிகிச்சையால் மீட்டுக்கொண்ட நடமாட்டம் இப்படி மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளேயே சுருங்கிவிடுகிறது.

புடவைக்குத் தேவைப்படாத அறை

நம் பக்கத்தில் துணி எடுப்பது என்பது குடும்பமே கலந்துகொள்ளும் நிகழ்ச்சி. தீபாவளிக்கும் திருமணத்துக்கும் மரக்காணம் முதல் கோட்டக்குப்பம் வரையுள்ள ஊர்களிலிருந்து புதுச்சேரிக்கோ திண்டிவனத்துக்கோ கூட்டமாகச் செல்வோம். பழைய கடைகளில் பாய் விரித்து அமரவைத்துப் புடவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவார்கள். தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தால் போதும். புடவைக்கும் வேட்டிக்கும் அளவு இல்லை. இரவிக்கைக்கும் சட்டைக்கும் தையற்காரர் அளவெடுத்துக்கொள்வார். தனியறை தேவைப்படவில்லை.

ஆயத்த ஆடைகள் பரவிய பின்னரே போட்டுப் பார்க்கும் அறை, அதாவது மக்கள் சொல்லும் ‘ட்ரையல் ரூம்’, இன்றியமையாததாயிற்று. உடல் நலிவுற்றோருக்கு நைட்டி, சுடிதார், டி-சட்டை, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டை ஆகியவை புடவையையும் வேட்டியையும் விட எளிதானவை. ஆனால் அவற்றைத்தான் போட்டுப் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது. உடலின் ஒரு பக்கம் மெலிந்தோ வீங்கியோ இருப்பவருக்கு, ‘எக்ஸ்எல்’ என்ற எழுத்து எந்த உறுதியையும் தருவதில்லை.

ஓர் அறைக்கு என்ன வேண்டும்?

பல கடைகளில் இந்த அறை ஏறத்தாழ மூன்றடிக்கு மூன்றடி. அதற்குள் ஒருவர் நின்றபடி உடை மாற்றலாம். சக்கர நாற்காலி உள்ளே சென்று திரும்ப ஏறத்தாழ ஐந்தடி விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். இந்திய அரசின் 2021ஆம் ஆண்டு அணுகுதல் வழிகாட்டு நெறிமுறைகள் இந்த அளவை 1,500 மில்லிமீட்டர் என்றும், கதவின் தடையற்ற அகலத்தை 900 மில்லிமீட்டர் என்றும் கூறுகின்றன.

அமெரிக்காவில் 2012 மார்ச் மாதம் முதல் கட்டாயமாக்கப்பட்ட கட்டட அளவுகோல்கள் இன்னும் நுணுக்கமானவை. உடை மாற்றும் அறைகள் எத்தனை இருந்தாலும் அவற்றில் நூற்றுக்கு ஐந்து, குறைந்தது ஒன்றாவது, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். உள்ளே 43 முதல் 48 சென்டிமீட்டர் உயரத்தில் உட்காரும் பலகை இருக்க வேண்டும். துணி மாட்டும் கொக்கி உட்கார்ந்தவர் கைக்கு எட்ட வேண்டும். கதவு உட்புறமாகத் திறந்து, நாற்காலி திரும்பும் இடத்தை அடைத்துவிடக் கூடாது.

இந்த அளவுகள் ஒவ்வொன்றுக்கும் மருத்துவக் காரணம் உண்டு. பக்கவாதம் வந்தவர் ஒற்றைக் காலில் நின்று கால்சட்டை மாற்ற முயன்றால் விழுவார். அவர் உட்கார்ந்துதான் மாற்ற வேண்டும். பலகை மிகத் தாழ்வாக இருந்தால் எழ முடியாது. சுவரில் உறுதியான பிடிகம்பி இல்லையென்றால் கை கொக்கியைத் தேடும். கொக்கி உடல் எடையைத் தாங்காது.

அளவுகோலுக்கு அப்பாற்பட்ட தேவை ஒன்றும் உண்டு. மனைவிக்குக் கணவரும், தாய்க்கு மகனும், தந்தைக்கு மகளும் உடை மாற்ற உதவும் வீடுகள் நம்மிடையே ஏராளம். பெண்கள் பகுதியில் ஆண் நுழையக் கூடாது என்பது மற்ற பெண்களின் பாதுகாப்புக்காக ஏற்பட்ட நியாயமான விதி. அதைக் குறை கூற இயலாது. இரண்டு பகுதிகளுக்கும் வெளியே, உதவியாளருடன் செல்லத்தக்க தனி வாயிலுள்ள அறை ஒன்று இருந்தால் இருவர் தேவையும் நிறைவேறும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொதுமக்கள் பயன்படுத்தும் தனியார் கட்டடங்களையும், வணிகம் நடைபெறும் இடங்களையும் ‘பொதுக் கட்டடம்’ என்றே வரையறுக்கிறது. ஆகவே துணிக்கடையும் அதில் அடங்கும். இச்சட்டத்தின் விதிகள் 2017 ஜூன் மாதத்தில் வெளியாயின. அன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் பழைய பொதுக் கட்டடங்களையும் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்று 45ஆம் பிரிவு கூறுகிறது. அந்தக் காலக்கெடு 2022இலேயே முடிந்துவிட்டது. சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரையிலும், மீண்டும் மீறினால் ஐம்பதாயிரம் முதல் ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க 89ஆம் பிரிவு இடமளிக்கிறது.

ராஜீவ் ரத்தூரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று முக்கியமான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. அணுகுதல் அளவுகோல்களை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த விதி சட்டத்துக்கு முரணானது என்றும், கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய அளவுகோல்களை மூன்று மாதங்களுக்குள் வகுக்க வேண்டும் என்றும் அது ஆணையிட்டது.

கடை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் எழுத்து வடிவில் மனு அளிக்கலாம். தமிழ்நாட்டின் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் முறையிடலாம். கடை புதுச்சேரியில் இருந்தால் அவ்வரசின் அலுவலகத்தை நாட வேண்டும். சட்டம் இரண்டு இடங்களுக்கும் பொதுவானது. எனினும், முதலில் கடையின் மேலாளரிடம் அமைதியாகச் சொல்லிப் பார்ப்பதே பலனளிக்கும் என்பது எங்கள் அனுபவம். இடையூறு எங்கே இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று மாற்றுத்திறனாளிகளுக்கான நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. அதற்கு முன்பும் சக்கர நாற்காலியில் கடற்கரைச் சாலை வரை வரலாம். மணலைக் கடந்து கடலருகே செல்வதுதான் அரிதாக இருந்தது. துணிக்கடையிலும் வாசலின் சாய்தளத்தோடு பணி முடிந்துவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். வந்தவர் துணியைப் போட்டுப் பார்க்க முடியாவிட்டால் அந்தச் சாய்தளம் பாதிப் பயனையே தருகிறது.

கடைக்குப் புறப்படும் முன்

கடைகள் மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நோயாளரும் உடன் செல்வோரும் பின்வருவனவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

முதலாவதாக, வீட்டிலேயே அளவெடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு உட்கார்ந்த நிலையில் அளவெடுக்க வேண்டும். உட்காரும்போது கால்சட்டையின் பின்புறம் கீழே இறங்கும். முழங்கால் மடிவதால் நீளமும் குறையும். செயற்கைக் கால் பொருத்தியவர் அதையும் காலணியையும் அணிந்த நிலையில் அளவெடுக்க வேண்டும். நன்றாகப் பொருந்தும் பழைய உடை ஒன்றைக் கையில் கொண்டுபோவது அளவு நாடாவை விடப் பயன் தரும்.

இரண்டாவதாக, கூட்டமில்லாத வேலைநாள் காலையைத் தேர்ந்தெடுங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, அறையின் கதவு அகலத்தையும், உள்ளே நாற்காலி இருக்கிறதா என்பதையும், உதவியாளர் உடன் வர அனுமதி உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். போட்டுப் பார்க்க இயலாவிட்டால், மாற்றிக்கொள்ளக் கூடுதல் நாள் தருவார்களா என்பதையும் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

மூன்றாவதாக, நீரிழிவு நோயால் பாத உணர்வு குறைந்தவர்கள் எந்தக் கடையிலும் வெறுங்காலுடன் உடை மாற்றக் கூடாது. புதிய சட்டைகளில் குத்தியிருக்கும் குண்டூசிகள் அறையின் தரையில் விழுந்து கிடக்கும். குத்தியது தெரியாமலேயே புண் உண்டாகி, பல நாட்கள் கழித்துத்தான் சீழ் தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றும் வழக்கமுள்ள கடைகளில், “மருத்துவர் கழற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்” என்று தயங்காமல் சொல்லுங்கள். எம்.சி.ஆர். செருப்பு உங்கள் சிகிச்சையின் ஒரு பகுதி. வீடு திரும்பியதும் இரு பாதங்களையும் பாருங்கள்.

நான்காவதாக, அணியும் முறையை நினைவில் வையுங்கள். பக்கவாதம் வந்தவர் வலுவிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். வலுவிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு பாதிக்கப்படும்.

ஐந்தாவதாக, உடையின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பவருக்குத் தடித்த தையலும், பின்பக்கப் பையும், உலோகப் பொத்தானும் படுக்கைப் புண்ணுக்குக் காரணமாகலாம். வயிற்றில் ஸ்டோமா பை வைத்திருப்பவருக்கு இடுப்புப் பட்டி அதன்மேல் அழுத்தக் கூடாது. மார்பக அறுவை சிகிச்சைக்குப்பின் கை வீக்கம் உள்ளவர்கள் இறுக்கமான சட்டைக் கையைத் தவிர்க்க வேண்டும். முதுகின் மேற்பகுதியிலோ கழுத்திலோ தண்டுவடக் காயம் உள்ளவருக்கு, இறுக்கமான உடையினாலேயே இரத்த அழுத்தம் திடீரென உயரக்கூடும். கடும் தலைவலியும் வியர்வையும் தோன்றினால் உடையை உடனே தளர்த்தி, நிமிர்ந்து உட்காரவைத்து, மருத்துவ உதவியை நாடுங்கள்.

கடைகளில் கிடைக்காதவற்றைத் தையலில் பெறலாம். பொத்தானுக்குப் பதிலாக ஒட்டுப்பட்டி, பக்கவாட்டில் முழுநீள ஜிப், முன்புறம் திறக்கும் இரவிக்கை ஆகியவற்றை நம்மூர்த் தையற்காரர்களே செய்து தருவார்கள். சென்னையில் ஷாலினி விசாகன் நடத்தும் சுவஸ்த்ரா டிசைன்ஸ் போன்று, மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஆடை வடிவமைப்போரும் இருக்கிறார்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு சொல்

இதைப் படிக்கும் குடும்பங்களில் கடை வைத்திருப்போரும் இருப்பீர்கள். இடித்துக் கட்டும் வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு சிறிய அறைகளுக்கு இடையிலுள்ள பலகைத் தடுப்பை எடுத்துவிட்டால் ஒரு பெரிய அறை கிடைக்கும். கதவுக்குப் பதிலாகக் கனமான திரை, உறுதியான நாற்காலி, தாழ்வான இரண்டு கொக்கிகள், ஒரு பிடிகம்பி ஆகியவை போதும். அந்த அறையில் அட்டைப்பெட்டிகளை அடுக்காமல் இருப்பது அதைவிட முக்கியம். பணியாளர்கள் உடன் வந்தவரிடம் “அவங்களுக்கு என்ன அளவு?” என்று கேளாமல், துணி வாங்க வந்தவரிடமே கேட்கட்டும்.

அந்தத் தையல் அம்மையாரின் மகனுக்குத் திருமணம் நெருங்கியபோது, குயிலாப்பாளையத்திலேயே உள்ள சிறிய கடை ஒன்றுக்குக் கணவர் முன்னதாகச் சென்று பேசினார். அங்கே போட்டுப் பார்க்கும் அறையே கிடையாது. மதிய வேளையில் கூட்டமில்லாதபோது வரச் சொல்லி, கடையின் பின்பகுதியில் திரை கட்டி, ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். அம்மையார் ஐந்து உடைகளைப் போட்டுப் பார்த்து, நான்கை வேண்டாம் என்றார். ஐந்தாவதன் கைப்பகுதியில் எவ்வளவு துணி விட்டுத் தைக்க வேண்டும் என்பதைத் தாமே சொல்லித் திருத்தி வாங்கினார்.

வேண்டாம் என்று சொன்ன அந்த நான்கையும் பற்றித்தான் அவர் எங்களிடம் அதிக நேரம் பேசிக்கொண்டிருந்தார்.